அலையில் நிற்கும் சாரதாமணி

மே 12, ஞாயிறு

டயர் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. வண்டிகளின் சர்வீஸ் தேதியைத் தவிர இதில் நான் எதுவும் எழுதியதில்லை. இன்று எழுதக் காரணம் இருக்கிறது. மகள் தாரணி கட்டிக்கொள்ள நினைக்கிற பையனைப் பார்த்துவிட்டு வந்தேன்.

பேர் ஜெர்வின். ஊர் கன்னியாகுமரிப் பக்கம், கடலோரம். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், வெள்ளாரங்கடவு என்ற ஊரில் ஆற்றோரமாக ஒரு முகாம் இருக்கிறது. அங்கே கயாக் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான். போன வருஷம் அலுவலகத் தோழிகளோடு சுற்றுலா போன என் மகள் பிறகு மாதாமாதம் போக ஆரம்பித்தாள். எதற்கென்று தை மாதம்தான் சொன்னாள். நம் ஆட்களும் இல்லை, நம் சாமியும் இல்லை என்று என் வீட்டுக்காரர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு அவரே, “நீ போய்ப் பாத்துட்டு வா சாரதா. ஆளுகள எடை போடறது உனக்குத்தான் வரும்” என்றார்.

பதினெட்டு வருஷமாக வடவள்ளியில் பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லித்தருகிறேன். ஓர் ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிய, அவர் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுப்பதைப் பார்த்தால் போதும். முன்கோபம், சோம்பல், பொய் எல்லாம் அரைமணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அதனால் நானே மாணவியாகச் சேர்ந்துகொண்டேன்.

ஆளைவிடக் கொஞ்சம்தான் நீளமான பிளாஸ்டிக் படகு. அதற்குள் காலை நீட்டி நுழைந்து உட்கார வேண்டும். தண்ணீர் புகாமலிருக்க இடுப்பில் ஒரு ரப்பர் பாவாடையை மாட்டி, அதைக் கொண்டே படகின் வாயை மூடிவிடுகிறார்கள். கவிழ்ந்தால் முன்பக்கத்து வாரை இழுத்துக்கொண்டு வெளியே வர வேண்டுமாம். முதல் பாடமே கவிழ்வதுதான். மூக்கில் தண்ணீர் ஏறி, கண் எரிந்து, ஹெல்மெட் கோணிக்கொண்டு எழுந்து நின்றேன். பையன் இடுப்பளவுத் தண்ணீரில் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். சிரிக்கவில்லை.

“பேடிக்காண்டாம் ஆன்டி. நான் இங்கதான நிக்கேன்” என்றான்.

பயப்பட வேண்டாம் என்று அர்த்தமாம். எனக்கென்ன பயம்.

ஒரு நாளில் ஒருவனை முடிவு செய்ய முடியாது, இன்னொரு தடவை வர வேண்டும் என்று தாரணியிடம் சொல்லியிருக்கிறேன்.

மே 14, செவ்வாய்

தோள் இரண்டும் கழன்று விழுவதுபோல வலி. தைலம் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். கியாஸ் பதிவு செய்தேன்.

மே 19, ஞாயிறு

மறுபடி வெள்ளாரங்கடவு. இன்று ‘ரோல்’. கவிழ்ந்த பிறகு படகைவிட்டு வெளியே வராமல், துடுப்பைத் தண்ணீரில் வீசி, இடுப்பை வெட்டி, படகோடு நிமிர்வது. ஜெர்வின் செய்யும்போது மீன் புரளுவதுபோல இருக்கிறது. நான் செய்தபோது எப்படி இருந்தது என்று தாரணி போனில் படம் பிடித்துவைத்திருக்கிறாள். அதை அப்பாவுக்குக் காட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

தலையை முதலில் தூக்குகிறேனாம். தலை கடைசியில்தான் வர வேண்டுமாம். தண்ணீருக்குள் இருப்பவர்களுக்குத் தலையைத் தவிர வேறு எதைத் தூக்கத் தோன்றும்?

பையனைப் பற்றி இன்னும் முடிவுக்கு வரவில்லை.

மே 26, ஞாயிறு

ரோல் வரவில்லை. மத்தியானம் மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும். சாப்பிட்டுவிட்டு ஜெர்வின் எங்களை ஆற்றின் மேற்பக்கம் அழைத்துப்போய் ஓர் இடத்தைக் காட்டினான். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஆறு ஒடுங்கி இறங்குகிறது. இப்போது முழங்கால் அளவுதான் தண்ணீர். மழை வந்ததும் அங்கே ஓர் அலை எழும்பி, நகராமல் ஒரே இடத்தில் நிற்குமாம். ஜூலைக் கடைசியில் அங்கேதான் போட்டி. வேகமாகக் கடந்து போகிற போட்டி இல்லை. அந்த ஒரே அலைமேல் நின்று, படகைச் சுழற்றி, புரட்டி, நாற்பத்தைந்து விநாடியில் என்னென்ன வித்தை காட்டலாமோ அதற்கெல்லாம் மதிப்பெண். இதுவரை எந்தப் போட்டிக்கும் போகாதவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு.

அதற்கு வயது வரம்பு எதுவும் இருக்கிறதா என்று கேட்டேன். பேச்சுக்குத்தான் கேட்டேன். இல்லையாம்.

ஜூன் 2, ஞாயிறு

வந்துவிட்டது!

எப்படி வந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கவிழ்ந்தேன். பச்சை இருட்டு. காதில் குமிழிச் சத்தம். வாரைத் தேடிக் கை போனது. போன கையைத் திருப்பி, துடுப்பைப் பிடித்து வீசினேன். இடுப்பு தானாக வெட்டியது. கண்ணைத் திறந்தால் வானம். தலை கடைசியில்தான் வந்தது.

கரையில் உட்கார்ந்திருந்த தாரணி போனில் ஏதோ படித்துக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை. ஜெர்வின் மட்டும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினான். பிறகு, “இன்னொண்ணு” என்றான். ஒன்றல்ல, பிறகு நிறைய. இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டும் என்று தாரணி வந்து கூப்பிட்டதால் நிறுத்தினேன்.

ஜூன் 6, வியாழன்

இன்று ஆர்.டி.ஓ.வில் டெஸ்ட். என் மாணவிகள் மூன்று பேரும் பாஸ். வளர்மதி மட்டும் எட்டுப் போடும்போது வண்டியை அணைத்துவிட்டாள். அழாதே என்று சொல்லி மறுபடி ஏற்றிவிட்டேன், போட்டுவிட்டாள்.

சாப்பிடும்போது வீட்டுக்காரர் பையன் எப்படி என்று கேட்டார். இன்னும் முடிவாகவில்லை என்றேன். “செரி, ஆறு எப்படி?” என்றார். சொன்னேன். ரசம் ஆறிப்போகும்வரை சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. அவர் சூடு பண்ணி எடுத்துவந்து ஊற்றிக்கொண்டார்.

ஜூன் 9, ஞாயிறு

மழை பிடித்துவிட்டது. ஆறு வேறு ஆறாகிவிட்டது, காப்பி நிறம், கரைவரை இரைச்சல். இன்று முதல் தடவையாக ஓடுகிற தண்ணீரில் இறங்கினேன். பாறைகளுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும் நீரிலிருந்து புறப்பட்டு ஓட்டத்துக்குள் நுழையும்போது, படகை யாரோ முடியைப் பிடித்து இழுப்பதுபோல இழுக்கிறது. இரண்டு முறை கவிழ்ந்தேன். இரண்டு முறையும் நிமிர்ந்தேன்.

போட்டிக்குப் பேர் கொடுத்துவிட்டேன். ஒரு பையனைப் பற்றி முழுசாகத் தெரிந்துகொள்ள, நெருக்கடியான நேரத்தில் அவன் எப்படி நடந்துகொள்கிறான் என்று பார்க்க வேண்டும். அதற்குப் போட்டியைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. தாரணியிடம் இதைச் சொன்னபோது ‘ம்’ என்றாள். வரும் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பாலக்காடு தாண்டும்போது, பசிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள்.

ஜூன் 17, திங்கள்

நேற்று மழை அதிகமென்று முகாமில் வர வேண்டாம் என்றுவிட்டார்கள். ஜெர்வின் ஏதோ வேலையாகக் கோயம்புத்தூர் வந்திருந்தான். இரண்டு பேரும் ஆர்.எஸ்.புரத்தில் சந்தித்தார்கள்.

இன்று காலை நான் மாவு அரைத்துக்கொண்டிருக்கும்போது தாரணி வந்து சமையலறை வாசலில் நின்றாள். கிரைண்டரை அணைக்கச் சொன்னாள்.

“எனக்கும் அவனுக்கும் ஒத்துவராதும்மா. சண்டையெல்லாம் இல்ல. ஆத்துல இருக்கறப்பப் பேசறதுக்கு அவ்வளவு இருக்குது. இங்க வந்து ஒரு டீ குடிச்சா, ரெண்டாவது டீக்குப் பேச்சே இல்ல. அவனும் அதையேதான் நெனச்சுட்டு இருந்திருக்கறான். ரெண்டு பேருக்கும் அப்பாடான்னு ஆயிருச்சு.”

நீ அழுதாயா என்று கேட்டேன். கொஞ்சம் அழுதாளாம், நேற்று ராத்திரியே முடிந்துவிட்டதாம். புனே அலுவலகத்துக்கு மாற்றல் கேட்டிருந்தாளாம், கிடைத்துவிடும் போலிருக்கிறதாம். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்து வந்திருக்கிறாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ ஏம்மா இப்படி ஆயிட்ட?” என்றாள்.

மாவு புளித்துவிடும் என்று சொல்லி கிரைண்டரைப் போட்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

நல்லதுதான். எல்லாம் நல்லதுக்குத்தான். வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்கினார்.

ஜூன் 23, ஞாயிறு

இன்று எங்கும் போகவில்லை. போக வேண்டிய அவசியம் இல்லையே. பரண் முழுவதையும் இறக்கித் துடைத்தேன். தாரணியின் பள்ளிக்கூட ஷூ மூன்று ஜோடி, உடைந்த டேபிள் ஃபேன், யாருடையது என்றே தெரியாத ஒரு ஹார்மோனியம். திரைச்சீலைகளைத் துவைத்தேன். காரை இரண்டு முறை கழுவினேன். சாயங்காலம் வெள்ளாரங்கடவில் மழை எவ்வளவு என்று போனில் பார்த்தேன். அந்த ஊருக்குப் பக்கத்தில் நான் ஆர்டர் கொடுத்த பலாப்பழம் இருக்கிறது, அதற்காகப் பார்த்தேன்.

வீட்டுக்காரர் ஈரத் திரைச்சீலைகளுக்கு நடுவே நின்று, “இந்த வீட்டுல இன்னும் கழுவறதுக்கு நான் மட்டுந்தான் பாக்கி” என்றார்.

ஜூன் 25, செவ்வாய்

ஜெர்வின் போன் செய்தான். முதல் நிமிஷம் இரண்டு பேருமே மழையைப் பற்றிப் பேசினோம். அப்புறம் சொன்னான்.

“நீங்க வருவியளா மாட்டியளான்னு தெரியல. போட்டியிலருந்து ஒங்க பேர எடுக்கல. ஒங்க படகு அப்படியே இருக்கு, வேற யாருக்கும் குடுக்கல. வந்தா சந்தோஷம். வரலன்னாலும் எனக்கு ஒண்ணும் தோணாது.”

கொடுத்த பேரைத் திரும்ப வாங்குவது மரியாதையாக இருக்காது.

ஜூன் 30, ஞாயிறு

தனியாகவே ஓட்டிக்கொண்டு போனேன். மலைப்பாதையில் மூடுபனி. மூன்று மணி நேரமும் ரேடியோகூடப் போடவில்லை.

போய்ச் சேர்ந்தபோது ஜெர்வினுக்கு என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. ஆன்டி என்று ஆரம்பித்து நிறுத்தினான். மேடம் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். மத்தியானத்துக்கு மேல் அக்கா என்று வந்து நின்றது. மகள் கட்டிக்கொள்வதாக இருந்தவன் என்னை அக்கா என்றால் முறை எங்கேயோ இடிக்கிறது. ஆனால் படகில் இருக்கும்போது நீளமாக எதையும் கூப்பிட நேரமில்லை. அக்கா போதும்.

அலை எழும்பியிருக்கிறது. அவன் சொன்னது நிஜம். ஆறு முழுக்க ஓடிக்கொண்டிருக்க, அது மட்டும் அந்த இடத்திலேயே நிற்கிறது. பக்கத்து நீரிலிருந்து குறுக்கே நுழைந்து, ஆற்றின் மேல்பக்கம் பார்த்தபடி அதன் முகத்தில் வழுக்கி இறங்க வேண்டும். எட்டு முறை முயன்றேன். ஏழு முறை என்னைத் துப்பிவிட்டது. ஒரே ஒரு முறை, சோடா மூடி திறக்கிற நேரம், நின்றேன்.

சாயங்காலம் கிளம்பும்போது தாரணி சௌக்கியமா என்று கேட்டான். சௌக்கியம் என்றேன். அவ்வளவுதான் பேசினோம், போதுமாக இருந்தது.

ஜூலை 7, ஞாயிறு

இன்று நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன். அலைக்குப் பின்னால் நுரை கொப்பளிக்கிற இடத்தில் குறுக்காக மாட்டிக்கொண்டேன். கவிழ்ந்தேன். நிமிர்ந்தேன். மறுபடி கவிழ்த்தது. ரோல் வரவில்லை. வாரை இழுத்து வெளியே வந்தேன். வெளியே வந்தும் தண்ணீர் விடவில்லை, மேலே எது கீழே எது என்று தெரியவில்லை. பிறகு விட்டது. ஜெர்வின் எறிந்த கயிறு நெஞ்சுக்கு மேலே விழுந்தது, பிடித்துக்கொண்டேன். முழங்காலில் பாறை இடித்திருக்கிறது.

கரையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தபோது அவன் தைரியம் எதுவும் சொல்லவில்லை. பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். சின்ன வயதில் அப்பாவோடு கட்டுமரத்தில் போய், கடல் இரண்டு முறை அவனைக் கீழே இழுத்துக்கொண்டதாம். இரண்டாவது முறைக்குப் பிறகு ஒரு மாதம் கரையிலேயே இருந்தானாம். பிறகு எதனால் போனாய் என்று கேட்டேன். மற்றவர்கள் போவதைக் கரையில் இருந்து பார்ப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது என்றான்.

ஜூலை 8, திங்கள்

முழங்கால் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருக்கிறது. கிளட்சை மிதித்துக் காட்ட முடியவில்லை, வாயால் சொல்லிக்கொடுத்தேன். வீட்டில் மறைக்கப் பார்த்தேன், தாரணி கண்டுபிடித்துவிட்டாள்.

“அவனே இல்லைன்னு ஆயிருச்சு. இன்னும் எதுக்கும்மா அங்க போற?”

பேர் கொடுத்திருக்கிறேன் என்றேன். பேர் கொடுத்தவர்கள் எல்லோரும் போய்த்தான் ஆக வேண்டும் என்று சட்டமா என்றாள். ஐம்பது வயதுக்கு இன்னும் ஒன்றரை வருஷம்கூட இல்லை என்றாள். அப்பாவைப் பார்த்து நீங்களாவது சொல்லுங்கள் என்றாள். அவர் பேப்பரை மடித்தார்.

“நான் சொல்லி அவ வண்டி ஓட்டப் பழகல கண்ணு. நான் சொல்லி நிறுத்தவும் மாட்டா. நீ அந்த ஐஸ் கட்டிய எடுத்துட்டு வந்து அம்மாளுக்குக் குடு.”

ஜூலை 10, புதன்

எதற்குப் போகிறேன்? வளர்மதியை உட்காரவைத்து மருதமலை ரோட்டில் மூன்று சுற்றுப் போய்வந்தேன், யோசித்துக்கொண்டே. லைசென்ஸ் கையில் வந்த பிறகும் ஏன் வகுப்புக்கு வருகிறாய் என்று அவளைக் கேட்டேன். “இது நல்லாருக்குதுங்க மேடம்” என்றாள்.

ஜூலை 14, ஞாயிறு

போனேன். வெகுநேரம் கரையிலேயே நின்றேன். ஹெல்மெட் மாட்டினேன், கழற்றினேன், மாட்டினேன். கல்லூரிப் பையன்களும் பெண்களும் வரிசையாக அலைக்குள் போய் விழுந்து, சிரித்துக்கொண்டே நீந்தி வந்தார்கள். ஜெர்வின் என்னைக் கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. என் படகைத் தண்ணீரின் விளிம்பில் வைத்துவிட்டு, கயிற்றுப் பையோடு பாறைமேல் போய் உட்கார்ந்துகொண்டான்.

இறங்கினேன். முதல் தடவையே நின்றேன்! இரண்டாவது தடவை அதைவிட அதிகம்.

ஜூலை 21, ஞாயிறு

படகை அலைமேல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டேன். இடப்பக்கம் மட்டும். வலப்பக்கம் இன்னும் கவிழ்கிறது.

ஜூலை 23, செவ்வாய்

தாரணிக்குப் புனே உத்தரவு வந்துவிட்டது. ஆகஸ்டு முதல் வாரம் கிளம்ப வேண்டும். பெட்டி வாங்கினோம். கடையில் நின்றுகொண்டே, ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன் என்றாள். சங்கடமாக இருக்காதா என்றேன். “அவனப் பாக்க வர்ல. உன்னப் பாக்க வர்றேன்” என்று பெட்டியின் சக்கரத்தை உருட்டிப் பார்த்தாள்.

ஜூலை 28, ஞாயிறு

போட்டி.

மூன்று பேரும் விடியும்போதே கிளம்பினோம். வீட்டுக்காரர் குடை, பிளாஸ்க், எலுமிச்சை சாதம், இரண்டு துண்டு எல்லாம் எடுத்துவைத்திருந்தார். வெள்ளாரங்கடவில் தூறல். ஆற்றின் இரண்டு கரையிலும் குடைகள். ஊர் முழுக்க வந்துவிட்டது, பஜ்ஜிக் கடைகூட வந்துவிட்டது. தாரணியும் ஜெர்வினும் எப்படிப் பார்த்துக்கொள்வார்களோ என்று நான்தான் குடையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் ஹாய் என்றார்கள். அவன் பெரிய கொசுவலைப் பையில் ஈர ஹெல்மெட்டுகளைத் தூக்கிக்கொண்டிருந்தான், இவள் ஒரு பக்கம் பிடித்தாள். பேசிக்கொண்டே போனார்கள். ஆற்றங்கரையில் அவர்களுக்குப் பேச்சுக்குக் குறைவில்லை.

புதியவர் பிரிவில் ஒன்பது பேர். என்னைத் தவிர எல்லோரும் என் மாணவிகளின் பிள்ளைகள் வயது. ஆளுக்கு இரண்டு வாய்ப்பு, இரண்டில் நல்லது எதுவோ அதைக் கணக்கில் எடுப்பார்கள். ஹாரன் ஊதினால் தொடக்கம், மறுபடி ஊதினால் முடிவு. மைக் பிடித்தவர் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கூட்டத்துக்கு அறிமுகம் செய்தார். நான் படகைத் தூக்கிக்கொண்டு வந்ததும் ஒரு நிமிஷம் குழம்பினார்.

“அம்மா யாரோட அம்மா?” என்று மைக்கிலேயே கேட்டார்.

“யாரோட அம்மாவாவும் வர்லீங்க. போட்டிக்கு வந்திருக்கறேன்” என்றேன். மைக் அதையும் பிடித்துவிட்டது. இரண்டு கரையிலும் கைதட்டினார்கள். எனக்குக் காது சுட்டது.

முதல் வாய்ப்பில் அலையைத் தவறவிட்டேன். நுழைந்தது தெரிந்தது, அடுத்த நொடி அலைக்குக் கீழே ஆற்றோடு போய்க்கொண்டிருந்தேன். மதிப்பெண் பூஜ்யம். இவ்வளவுக்கு எலுமிச்சை சாதம் வேறு. படகைத் தோளில் வைத்துக்கொண்டு சேற்றில் திரும்பி ஏறும்போது தாரணி ஓடிவந்து பின்முனையைப் பிடித்தாள். பாறைமேல் கயிற்றோடு உட்கார்ந்திருந்த ஜெர்வின் எங்களைத் தாண்டவிட்டுச் சொன்னான்: “ரெண்டாவது துடுப்பு லேட்டுக்கா. வேற ஒண்ணும் இல்ல.”

இரண்டாவது துடுப்பு. அதை மட்டும் நினைத்துக்கொண்டு போனேன்.

ஹாரன் ஊதியது. ஒன்று போட்டேன், இரண்டாவதைச் சட்டென்று போட்டேன். படகின் மூக்கு கீழே இறங்கி, அலை என்னை அடியிலிருந்து தாங்கிக்கொண்டது. நின்றேன். இடப்பக்கம் ஒரு சுற்று. கரை, குடைகள், மலை, கரை, திரும்ப ஆறு. வலப்பக்கம் போகலாமா என்று நினைப்பதற்குள் கை போய்விட்டது. பாதிச் சுற்றில் கவிழ்ந்தேன். அதே பச்சை இருட்டு. இந்த முறை அவசரப்படவில்லை. துடுப்பை வீசினேன், இடுப்பை வெட்டினேன், தலையைக் கடைசியில் கொண்டுவந்தேன். நிமிர்ந்து பார்த்தால் இன்னும் அலையின் ஓரத்திலேயே இருக்கிறேன். விடவில்லை அது. இரண்டு துடுப்பில் நடுவுக்கு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் சுற்றவெல்லாம் இல்லை. சும்மா நின்றேன். ஆறு முழுவதும் எனக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது, நான் மட்டும் அங்கேயே இருந்தேன். தூறல் முகத்தில் விழுந்தது. துடுப்பை லேசாக இந்தப் பக்கம், லேசாக அந்தப் பக்கம். அவ்வளவுதான் வேலை. வேறு ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

ஒன்பது பேரில் நான்காவது இடம். கோப்பை மூன்று பேருக்குத்தான். வீட்டுக்காரர் ஏதோ உலகக் கோப்பையை வாங்கியதுபோல முகாம் சமையல்காரர்வரை கைகுலுக்கிவிட்டு வந்தார்.

ஜூலை 29, திங்கள்

கை தூக்க முடியவில்லை. இரண்டு வகுப்புகளை மத்தியானத்துக்கு மாற்றினேன்.

காலையில் தாரணி போனில் எடுத்த படத்தை டி.வி.யில் போட்டுக் காட்டினாள். அதில் ஒரு விஷயம். நான் அலையில் நின்றுகொண்டிருக்கும்போது முடிவு ஹாரன் ஊதுகிறது. நான் நிற்கிறேன். மறுபடி ஊதுகிறார்கள். நிற்கிறேன். மைக் பிடித்தவர், “அம்மா, டைம் கழிஞ்ஞு, அம்மா” என்கிறார். கரையில் சிரிப்பு. ஜெர்வின் பாறைமேல் எழுந்து இரண்டு கையையும் ஆட்டுகிறான். நான் இடமும் வலமும் துடுப்பைத் தொட்டுக்கொண்டு அங்கேயே இருக்கிறேன். அடுத்த ஆள் படகில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மூன்றாவது முறை ஊதிய பிறகுதான் திரும்புகிறேன்.

“பதினெட்டு வருசமா ஹாரன் சத்தத்துலயே வேலை பாக்கறவளுக்கு, அது கேக்கலையாமா?” என்றார் வீட்டுக்காரர்.

தண்ணீர்ச் சத்தம் அதிகம் என்றேன்.

தாரணி படத்தைப் பின்னால் ஓட்டி, முதல் ஹாரன் ஊதும் இடத்தில் நிறுத்தினாள். என் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு அவள் அப்பாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

கேட்கவில்லை என்றால் கேட்கவில்லைதான். இங்கேயும் அப்படியே எழுதி வைக்கிறேன்.